பெண் தொடாத தண்ணீர்

மடத்துக்குச் சொந்தமான ஓர் ஊர். அங்கே மடத்தின் சடைமுடித் தம்பிரான் சொன்னதுதான் சட்டம். பெண்கள் ஆற்றில் கால் வைத்தால் தீட்டு. வாழ வந்தவள் எல்லையைத் தாண்டினால் பாவம். மடத்தில் சாணி அள்ளும் பவளாயிக்குப் பிறந்த வீடு அதே ஆற்றங்கரையில், தண்ணீர் வரும் மேற்குப் பக்கம் நாலு ஊர் தள்ளித்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா இருக்கிறாளா இல்லையா என்று சொல்லக்கூட ஆளில்லை.

ஆடிப்பெருக்கன்று மனசு கேட்கவில்லை. படித்துறையில் இறங்கிக் காலை நனைத்துவிட்டாள். குளித்துக் கரையேறிய தம்பிரான் பார்த்துவிட்டார்.

"ஆத்தையே கெடுத்திட்டியேடி! எப்படிக் கொண்டு வருவியோ தெரியாது, இதே ஆத்துலேருந்து பொம்பளை தொடாத தண்ணி ஒரு குடம் வரணும். இல்லேன்னா மொட்டையடிச்சு ஊரைச் சுத்த விடுவேன்!"

ஊரே கூடிவிட்டது. பவளாயி ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போய், மேற்கேயே பார்த்து நின்றாள். பிறகு வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

"எங்கேடி தண்ணி?"

"கிடைக்கலைங்க சாமி. மேலூருப் பொம்பளைங்க எல்லாரும் இன்னைக்கு மஞ்சள் பூசிக் குளிச்சு, பூவும் கருகமணியும் ஆத்துல விட்டிருக்காங்க."

"பொய்! தினமும் இதுலதான் முழுகுறேன். எந்தப் பொம்பளைத் தீட்டும் என்மேல பட்டதில்லை!"

"அப்போ சடையில தொங்குற கருகமணி யாருதுங்க சாமி?"

தம்பிரான் தலையைத் தடவினார். மஞ்சள் கயிற்றோடு கையில் வந்தது.

முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. சிரிப்பு அடங்கும்போது பெண்கள் அத்தனை பேரும் ஆற்றில் நின்றார்கள்.

பவளாயி ஒரு கை அள்ளி முகர்ந்தாள். மஞ்சள் மணத்தது.

"எங்கம்மா குளிச்சாச்சு" என்றாள்.