இரத்தம் கேட்டுப் போனவன்

"யாருமே இரத்தம் குடுக்க மாட்டேங்கிறாங்க, மேடம்," என்றான் திரவியம். "பிள்ளைகள மறைக்கிறாங்க. இப்படி இருந்தா எப்படி ஆராய்ச்சி பண்றது?"

மதுரையில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் ஆட்டிசம் பற்றிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஆட்டிசம் உள்ள ஒருவர், அது இல்லாத உடன்பிறப்பு ஒருவர். இருவர் இரத்தமும் வேண்டும். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பேராசிரியர் ரெஜினா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"யார் வீட்டுக்காவது போனியா?"

"போன்ல பேசினேன்."

"போயிட்டு வா."

போனில் மறுத்த தாய் ஒருத்தியைத் தேடித் திரவியம் கோவில்பட்டிக்குப் போனான்.

செண்பகவல்லியின் மூத்த மகள் தரையில் உட்கார்ந்து இட்லித் தட்டைச் சுழல விட்டுக்கொண்டிருந்தாள். வந்தவனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இளையவள் தொட்டிலில் தூங்கினாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் செண்பகவல்லி. "இது என்னாலயா? மாசமா இருக்கும்போது நான் பஸ்ல ரொம்ப அலைஞ்சேன். அதான்னு எங்க அத்தை சொல்றாங்க."

"இல்லங்க," என்றான் திரவியம்.

பொறுமையாக விளக்கினான். வயிற்றுக்குள்ளேயே குழந்தையின் மூளை உருவாகத் தொடங்கிவிடுகிறது. அங்கே பிறக்கும் உயிரணுக்கள் தங்கள் இடத்தைத் தேடி நகர்ந்து போகின்றன. போய்ச் சேர்ந்ததும் கிளைவிட்டு ஒன்றோடொன்று பிணைகின்றன. எது எப்போது நடக்க வேண்டும் என்பதில் நூற்றுக்கணக்கான மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. அவற்றில் வரும் மாற்றம் சில சமயம் அப்பா அம்மாவிடமிருந்து வருகிறது. சில சமயம் யாரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுகிறது.

"பஸ்ல போனதால இப்படி ஆகாதும்மா. நீங்க எந்தத் தப்பும் பண்ணல."

செண்பகவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"இத யாரும் எங்கிட்ட சொன்னதே இல்ல சார்."

திரவியத்துக்கு மனசு நிறைந்திருந்தது. பையிலிருந்து இரத்தம் சேகரிக்கும் குழாய்களை எடுத்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "உங்க வீட்ல இப்படி யாராவது இருக்காங்களா, சார்?"

"இல்லங்க."

யோசிக்காமல் வந்தது பதில். பல வருடப் பழக்கம்.

"அப்ப உங்களுக்குத் தெரியாது," என்றாள் அவள். "என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க. இவளப் பத்தித் தெரிஞ்சா வர்ற எடமும் வராது. மன்னிச்சுக்கோங்க சார். ரத்தமெல்லாம் வேண்டாம்."

திரவியத்துக்குத் தெரியும். அவன் கல்யாணத்தின்போது அக்கா சொர்ணத்தைச் சித்தி வீட்டில் விட்டுப் பூட்டியிருந்தார்கள். 'வீட்டுக்கு ஒரே பிள்ளையா?' என்று பெண் வீட்டார் கேட்டபோது, தலையாட்டியவன் அவன்தான்.

மறுநாள் ரெஜினாவின் முன்னால் போய் நின்றான்.

"மறுத்துட்டாங்க, மேடம்."

"என்ன கேட்டாங்க?"

"உங்க வீட்ல யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

ரெஜினா முதல் தடவையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. குனிந்துகொண்டான்.

அவர் இரண்டு வெற்றுக் குழாய்களை எடுத்தார். ஒன்றில் 'திரவியம்' என்று எழுதினார். இன்னொன்றை எழுதாமலே நீட்டினார்.

"இதுல பேரை நீயே எழுதிக்கோ."

அவன் அன்றைக்கே சொந்த ஊரான திசையன்விளைக்கு பஸ் ஏறினான்.

வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சொர்ணம் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தலைமுடி பாதி நரைத்துவிட்டது. போன தடவை அவன் வந்தபோது நரை இருந்ததா என்று அவனுக்கு நினைவில்லை.

மாவு எப்போதோ அரைபட்டிருந்தது. அவளுக்காக அம்மா கிரைண்டரை நிறுத்தாமல் இருந்தாள்.

"அக்காவோட ரத்தம் கொஞ்சம் வேணும்மா. என்னோடதும்."

"என்னத்துக்குய்யா?"

அவன் சொல்லத் தொடங்கினான். உயிரணுக்கள் நகர்வதை, பிணைவதை, மரபணுக்களை. செண்பகவல்லியிடம் சொன்ன அதே வார்த்தைகள். அம்மா மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ," என்றாள் அம்மா மெதுவாக, "நான் படம் பாக்கப் போனதாலயில்லயா?"

"என்ன படம்?"

"இவ வயித்துல ஏழு மாசம். உங்க ஆச்சி போகாதேன்னு சொல்லியும் கேக்காம கொட்டகைக்குப் போயிட்டேன். காது கிழியிற சத்தம். பிள்ள உள்ளுக்குள்ள கெடந்து துடிச்சுது. அந்தச் சத்தத்துலதான் இவ இப்படி ஆயிட்டான்னு ஆச்சி சொல்லிட்டா."

டிவியில் எந்தப் படம் ஓடினாலும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அம்மாவுக்குப் படம் பிடிக்காது என்றுதான் அவன் மனைவியிடம் சொல்லியிருந்தான். சொல்லிச் சிரித்திருக்கிறான்.

"அதனால இல்லம்மா."

"நெசமாவாய்யா?"

"நெசமா."

அம்மா சொர்ணத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பியபோது அவள் முகத்தில் மகனைப் பற்றிய பெருமை இருந்தது.

"இப்பந்தான் கண்டுபிடிச்சீங்களாய்யா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"இல்லம்மா," என்றான் திரவியம். "நான் காலேஜ்ல படிக்கும்போதே தெரியும்."

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கையில் ஒட்டியிருந்த மாவை விரல் விரலாக வழித்தாள்.

"ஒரு போன் போட்டுச் சொல்லிருக்கலாம்லய்யா," என்றாள்.