எண்ணெய் போடாத செயின்

கடற்கரைக் குப்பங்களில் அவரைச் சைக்கிள் சாமி என்பார்கள். நாற்பது வயதுதான் இருக்கும். தை பிறந்ததும் மரக்காணத்தில் சைக்கிளை மணலில் இறக்குவார். ஆறு கடலில் சேரும் இடங்களில் மட்டும் படகு பிடித்துத் தாண்டிக்கொண்டு, கோடியக்கரை வரை தண்ணீர் ஓரமாகவே மிதித்துப் போவார். வருஷா வருஷம் தனியாகத்தான்.

அந்த வருஷம் கூடவே ஒரு சீடர் வந்தார். பெயர் வைத்திலிங்கம், வயது அறுபத்திரண்டு. மனைவி போன பிறகு ஒருமுறை அவர் வீட்டில் தொடர்ந்து மூன்று நாள் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதில்தான் பயந்துபோனார். துணை தேடித்தான் சாமியிடம் வந்தார். ஞானமும் கிடைத்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்?

கிளம்பும்போது சாமி இரண்டே விஷயம் சொன்னார்.

“செயினுக்கு எண்ணெய் போடாதீங்க ஐயா. எண்ணெய்ல மணல் அப்பிக்கும்.”

“சரி சாமி.”

“ஓட்டறப்ப பின்னால திரும்பாதீங்க. கெட்டி மணல் ரெண்டு முழ அகலம்தான். தலை திரும்பினா ஹேண்டில்பாரும் திரும்பும். சக்கரம் புதைஞ்சு ஆளைக் கவுத்துடும்.”

வைத்திலிங்கம் இரண்டையும் சிரமேற்கொண்டார். உப்புக்காற்றுக்கு மூன்றாம் நாளே அவருடைய செயின் துருவேறி, கிறீச் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. சாமியின் சைக்கிளோ பூனை மாதிரி போயிற்று. அதெல்லாம் தவவலிமை என்று நினைத்துக்கொண்டார் மனுஷன்.

சாமி முப்பதடி முன்னால் போவார். திரும்பியே பார்க்க மாட்டார். இறங்கினாலும் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். நாள் முழுக்க வைத்திலிங்கத்துக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு முதுகும் அதன்மேல் ஒரு காவித் துண்டும்தான். வீட்டிலாவது சுவர் நாலு பக்கமும் இருந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் ஒரு குப்பத்தருகே இறங்கியபோது, கேட்டே விட்டார்.

“சாமி, நான் வர்றேனா இல்லையான்னு ஒரு தடவையாவது பார்த்தீங்களா?”

“திரும்பினா விழுந்துடுவேனே ஐயா.”

“நான் வராமலே போயிருந்தா?”

சாமி துண்டை அவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கக் கடலில் இறங்கினார்.

வைத்திலிங்கத்துக்கு மனசு விட்டுப்போயிற்று. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றால், அதற்கு அவருக்கு வீடே இருக்கிறது. இவ்வளவு தூரம் மிதித்து வர வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி, சவுக்குத் தோப்புக்குள் ஒரு வண்டிப்பாதை போவது தெரிந்தது. அந்தப் பக்கம் பஸ் ரோடு. அங்கேயே சொல்லாமல் கழன்றுகொள்வது என்று முடிவு கட்டினார்.

பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் சிரித்தார்.

“பெரியவரே, அந்தச் செயினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா? நீங்க வர்றது அடுத்த குப்பத்துலேயே கேக்குது.”

சொன்னதோடு நிற்காமல், படகு எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயைக் குப்பியோடு நீட்டினார். போகப்போகிற ஆளுக்கு இனி என்ன விதி? வைத்திலிங்கம் தாராளமாகவே ஊற்றினார்.

சாமி குளித்து வந்து சைக்கிளில் ஏறினார். வைத்திலிங்கமும் ஏறிப் பின்னால் போனார். செயின் வாயே திறக்கவில்லை. அலைச்சத்தம் மட்டும்தான்.

வண்டிப்பாதை வந்தது. வைத்திலிங்கம் பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றினார். கடைசியாக ஒரு தடவை அந்த முதுகைப் பார்த்தார்.

அப்போது சாமி திரும்பினார்.

தலை திரும்பியது, ஹேண்டில்பார் திரும்பியது, முன்சக்கரம் புதைந்தது. மூட்டை முடிச்சோடு சாமி மணலில் விழுந்தார்.

வைத்திலிங்கம் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அறுபத்திரண்டு வயதில் மணலில் ஓடுவது லேசில்லை. போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. சாமியின் முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. தாடியெல்லாம் மணல். சாமி முழங்கையைப் பார்க்கவில்லை. வைத்திலிங்கத்தைத்தான் உச்சி முதல் பாதம் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்திலிங்கம் குனிந்து சாமியின் சைக்கிளைத் தூக்கினார். கையில் பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டியது. செயின் முழுக்க எண்ணெய். அதில் மணல் அப்பிக் கிடந்தது.

“சாமி, எண்ணெய் போடக் கூடாதுன்னீங்க.”

சாமி எழுந்து உட்கார்ந்தார்.

“திரும்பக் கூடாதுன்னீங்க.”

சாமி தாடியிலிருந்த மணலை மெல்லத் தட்டிவிட்டார்.

“பதினோரு நாளா உங்க செயின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் மிதிச்சேன் ஐயா. இப்ப கேக்கல.”