எந்தக் கால்

“ஒன்பது மாசம் பின்னால நட, அப்புறம்...” என்று டாங்கோ ஆடிய பெரியப்பா முன்பு சொன்னதில் அந்த ‘அப்புறம்’ என்ன என்பது மட்டும் அன்செல்மோவுக்கு ஞாபகம் வரவில்லை. ஒன்பது மாதம் முடிந்து பத்தாவதும் பாதி போய்விட்டது.

புவனோஸ் அயர்ஸில் அந்தக் காலத்தில் டாங்கோ நடனம் கற்கும் ஆண்கள் ஆண்களோடுதான் ஆடிப் பழகுவார்கள். புதிதாக வருகிறவனுக்குப் பெண்ணின் இடம். எதிரே நிற்பவன் நடத்த, இவன் பின்னோக்கி நடக்க வேண்டும். டிராம் கண்டக்டரான அன்செல்மோ நாற்பது வயதில் வந்து சேர்ந்தான். மாஸ்டர் பசிலியோ கொத்து வேலைக்காரர், அவனைவிடப் பத்து வயது இளையவர். எப்போது கேட்டாலும் “நடங்க” என்பார், அவ்வளவுதான்.

அவன் டிராமில் தினமும் ஏறும் தையல்காரி அமாலியா, வருகிற சனிக்கிழமை மண்டபத்து நடனம் முடிந்ததும் ஊரைவிட்டுப் போகிறாள். அன்று அவளோடு ஆடாவிட்டால் இனி இல்லை. தப்பாக ஆடினாலும் போச்சு. அந்த மண்டபத்தில் அப்புறம் ஒருத்தியும் அவனுக்காக எழுந்து வரமாட்டாள்.

ஞாயிறு காலைப் பயிற்சியில் பொறுமை அறுந்தது.

“மாஸ்டர், ஒரு பொண்ணோட கையைப் பிடிக்கலாம்னு வந்தேன். வர்ற சனிக்கிழமையோட அமாலியாவும் ஊரைவிட்டுப் போறா. பத்து மாசமா கசாப்புக்கடை நிக்கோலாவோட வெங்காய மூச்சுலதான் குடித்தனம் நடத்துறேன்.”

நிக்கோலா சிரித்தான். “நான் மட்டும் ஆசைப்பட்டா உன்னைக் கட்டிக்கிட்டேன்?”

பசிலியோ பெண்ணின் இடத்தில் வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார். “நடத்துங்க.”

வீட்டில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பழகிய சுழற்சிகள் எல்லாவற்றையும் அன்செல்மோ இறக்கினான். மாஸ்டர் ஒன்றுவிடாமல் கூடவே வந்தார். இசைத்தட்டு நின்றதும் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“இதுல என்ன குறை?” என்றான், மூச்சு வாங்க.

“நிக்கோலாவுக்கு எந்த முழங்கால்ல வலி?”

“இடது. மழை வர்ற மாதிரி இருந்தா அந்த அடியைச் சின்னதா வைப்பான்.”

“அவர் சொன்னாரா?”

“எதுக்குச் சொல்லணும்? அவனோடதானே நடக்கிறேன்.”

“எனக்கு எந்தக் கால்?”

அன்செல்மோ குனிந்து அவர் கால்களைப் பார்த்தான். பசிலியோ பெஞ்சில் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினார். வெள்ளிக்கிழமை செங்கல் விழுந்த பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் கசிந்திருந்தது.

“சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்.”

“அமாலியா சொல்லுவாங்களா?”

சனிக்கிழமை அன்செல்மோ அமாலியாவை ஆட அழைத்தான். சேர்ந்து ஆடிய மூன்று பாட்டுக்கும் ஒரு சுழற்சிகூடப் போடவில்லை, அவள் காலடியைக் கவனித்தபடி நடந்தான்.