ஒலிபெருக்கி ஆட்டோவும் வரித் திட்டமும்

ஜனாதிபதித் தேர்தல் வந்தால் தர்மினியின் ஆட்டோவுக்கு இரட்டை வேலை. காலையில் ஒரு வேட்பாளருக்கும் மாலையில் மற்றவருக்கும் ஒலிபெருக்கியில் அறிவிப்பாள். அதுவே வினையாகிவிட்டது. ஒரு கட்சியின் அமைப்பாளர் குணபாலசிங்கம் அவளைச் சந்தியில் மறித்தார். அவருடைய ஆட்கள் பொல்லுத் தடிகளோடு சூழ்ந்தார்கள். வரியைப் பற்றி விவாதிக்கப் பொல்லு எதற்கு என்று அங்கே யார் கேட்பது?

"மைக்கைப் போடடி! பொருளாதாரத்தை நிமிர்த்துறது ஆரின்ர வரித் திட்டம்? எங்கடயோ, அவங்கடயோ? ஊருக்குக் கேக்கச் சொல்லு!"

தர்மினி மனதுக்குள் கணக்குப் போட்டாள். இவர் பக்கம் சொன்னால் மற்றக் கட்சிக்காரர் ஆட்டோவைக் கொளுத்துவார்கள். அவர்கள் பக்கம் சொன்னால் இவர்கள் இப்போதே நொறுக்குவார்கள். மைக்கைப் போட்டாள்.

"ஐயா, உங்கட திட்டத்தில வரி கட்டப்போறது ஆர்?"

"பெரிய வீடும் வாகனமும் வச்சிருக்கிற பணக்காரர்!"

"அப்ப எங்கட ஊரில முதல் ஆள் நீங்கள்தான். நாட்டுக்காக முன்வந்தீங்கள் எண்டு உங்கட பேரை அறிவிக்கட்டே?"

ஒரு பொல்லு ஆட்டோக் கூரையில் படாரென்று விழுந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"விசரே உனக்கு? வாகனம் மச்சான்ர! வீடு மாமியின்ர பேரில! என்ர எண்டு ஒரு ஓடுகூட இல்லை!"

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. பொல்லுக்காரர்களே வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த அவர் வீட்டு மதிலுக்கு மேலால் மாமியின் தலை எழும்பியது.

"வீடு என்ர பேரிலயோ, மருமோன்? பிறகேன் என்னைப் பின்கொட்டிலில படுக்க விட்டனீங்கள்? வீட்டுப் பூட்டின்ர திறப்பைத் தாங்கோ!"

அமைப்பாளர் வரித் திட்டத்தை மறந்து மாமியிடம் ஓடினார். தர்மினி ஆட்டோவைக் கிளப்பினாள்.