கிளறாத கஞ்சி

மழை பொய்த்துப்போன காலம் அது. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் ஆற்றங்கரை மடத்தில் மட்டும்தான் நாளுக்கு ஒரு வேளையாவது அடுப்பு எரிந்தது. அரசன் அனுப்பும் அரிசியைப் பெரிய அண்டா ஒன்றில் கஞ்சியாகக் காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினார்கள்.

மடத்தின் தலைவி பூங்கோதை அம்மை. முப்பது வயதுதான் இருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த அம்பலவாணருக்கோ தலையெல்லாம் நரை. அரண்மனைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். உலகத்து உண்மையில் பெரும்பகுதி தமக்குத் தெரியும் என்று நினைத்தார். மிச்சம் மீதியைத் தெரிந்துகொள்ளத்தான் மடத்துக்கு வந்தார்.

கஞ்சிப் பொறுப்பை அம்மை அவரிடம் கொடுத்தார். அவரும் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்தார், அதில் குறை சொல்ல முடியாது. இருந்த அரிசியை இருந்த தலைகளால் வகுத்தார். தலைக்கு ஒரு பிடி வந்தது.

"சராசரி ஒரு பிடி. யாரும் சாகமாட்டார்கள்" என்றார்.

எல்லாருக்கும் ஒரே அகப்பை. விளிம்பு மட்டத்துக்கு ஒரு சொட்டுக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கிளறினால் சிந்தும் என்பதால் அண்டாவைக் கிளறவே கூடாது என்று கட்டளை போட்டார்.

யார் முதலில் வாங்குவது என்று சண்டை வந்தது. அதற்குச் சீட்டுப் போட்டார். குடும்பத்துக்கு ஒரு சில்லு, உடைந்த பானையோட்டுத் துண்டு. அதில் அவரவர் அடையாளத்தைக் கீறிக் குடத்தில் போட வேண்டும். போட்ட பிறகு குடத்தை யாரும் தொடக்கூடாது, குலுக்கவும் கூடாது. கை பட்டால் சந்தேகம் வருமாம். காலையில் அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைக்கு வந்ததை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார். இதைவிட நேர்மையை எங்கே போய்த் தேடுவது!

மடத்தை ஒட்டினாற்போல இருந்த ஊர் ஆற்றூர். அங்கே உள்ளவர்கள் சாயங்காலம் மடத்துக் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வரும்போதே சில்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். கரட்டுப்பட்டி வெகு தூரம். அந்த ஜனங்கள் இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறும் முன் வந்து போடுவார்கள்.

தினமும் கரட்டுப்பட்டிக்காரர்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

"அவங்களுக்கே எப்பவும் முதல் சீட்டு விழுது. இது என்ன நியாயம்?" என்று ஆற்றூர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

"சீட்டுக்கு ஊர்ப் பெயர் தெரியாது. இன்றைக்கு அவர்களுக்கு, நாளைக்கு உங்களுக்கு" என்று அம்பலவாணர் அதட்டி அனுப்பினார்.

ஒரு நாள் கரட்டுப்பட்டி வேலாத்தா, வாங்கிய கலயத்தோடு நேராக அவர் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை துவண்டு கிடந்தது. கலயத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க சாமி. என்ன தெரியுது?"

"கஞ்சி."

"நல்லாப் பாருங்க. உங்க மொகம் தெரியுது. கஞ்சியில மொகம் தெரியுமா? தெனமும் மொதல்ல கூப்புடுறீங்க, தெனமும் தண்ணியத்தான் ஊத்துறீங்க."

அம்பலவாணருக்குச் சுருக்கென்றது. "ஒரே அண்டா, ஒரே அகப்பை. தலைக்கு ஒரு பிடி அரிசி போட்டிருக்கிறேன். கணக்கு பொய் சொல்லுமா?"

"கணக்குல இருக்கற பிடி எங்க கலயத்துல இல்லீங்களே!"

"ஒரு நாள் நீர்த்து வரும், ஒரு நாள் கெட்டியாக வரும். பல நாள் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் சரிக்குச் சரியாகிவிடும்."

"பல நாளா?" வேலாத்தா குழந்தையின் முகத்தைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்கு அத்தனை நாள் இருக்குதா? அதையும் கணக்குப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"நான் நாளைக்கு வரலீங்க. இந்தத் தண்ணிக்காகப் புள்ளையத் தூக்கிட்டு அத்தனை தூரம் நடக்க ஒடம்புல வலு இல்லை. அங்கயே கெடக்கறோம்."

குழந்தையின் வாயில் அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அம்பலவாணர் கொதித்துப்போய் அம்மையிடம் வந்தார்.

"நன்றி கெட்ட ஜனங்கள், தாயே! அரசகுமாரர்களுக்குக் கற்றுக்கொடுத்த என்னைப் பார்த்து, கணக்குத் தப்பு என்கிறாள். நூறு பேர் முன்னால்!"

"கணக்கு சரிதானா?"

"சரி."

"சீட்டு?"

"என் நிழல்கூட அதன்மேல் படுவதில்லை."

அம்மை கீழே கிடந்த ஓட்டுத்துண்டு ஒன்றை எடுத்தார். அதில் ஒரு கோடு கீறி அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக் காலையில் கரட்டுப்பட்டிக்காரர்கள் போடும்போது இதைப் போடும். அவர்களோடு வரிசையில் உட்காரும். சீட்டை நான் எடுக்கிறேன். உம்முடைய விதி ஒன்றையும் மாற்றமாட்டேன்."

மறுநாள் அவர் அப்படியே செய்தார். அம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேலிருந்து எடுத்தார். கரட்டுப்பட்டிச் சில்லுகள் சிலவற்றுக்குப் பிறகு அவருடைய கோடு வந்தது. முதல் ஆட்களில் ஒருவராக எழுந்து போனதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. கணக்கு பொய் சொல்லாது என்று இன்றைக்குக் காட்டிவிடலாம் என்றிருந்தார்.

அண்டாவருகே நின்ற மடத்து வேலையாள் காத்தான் ஊற்றினான். அகப்பை விளிம்பு மட்டத்துக்கு, ஒரு சொட்டுக் குறையாமல்.

அம்பலவாணர் குனிந்து பார்த்தார். கலயத்துக்குள்ளிருந்து நரைத்த தாடி ஒன்று அவரையே பார்த்தது. விரலை விட்டுத் துழாவினார். நாலைந்து பருக்கை அகப்பட்டது.

"தாயே, இது..."

"குடித்துவிட்டு அங்கேயே உட்காரும். கடைசி ஆள் வாங்கும் வரைக்கும் பாரும்."

அவர் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. அண்டா இறங்க இறங்கக் கஞ்சி வெளுத்தது, பிறகு கெட்டியானது. ஆற்றூர்க்காரர்கள் முறை வந்தபோது அகப்பை மட்டத்துக்குச் சோறே நின்றது. கடைசியாக வந்தவர் ஆற்றூர்ப் பண்ணைக்காரர். வீட்டில் இன்னும் நெற்குதிர் காலியாகாதவர். அவருடைய சட்டியில் தண்ணீரே இல்லாமல் வெறும் சோறாக விழுந்தது.

அம்பலவாணருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பாய்ந்துபோய்க் காத்தானின் தோளைப் பிடித்தார்.

"அடேய் பாவி! சோறு அடியில் தங்கும் என்று தெரியாதா? கிளறி ஊற்றினால் என்ன கேடு உனக்கு?"

காத்தான் அகப்பையைக் கீழே வைத்தான். "நீங்கதானே சாமி சொன்னீங்க? கிளறினா சிந்தும், கிளறாதேன்னு. மொத நாளே கேட்டேன். கணக்கு எனக்குத் தெரியும், உன் வேலையைப் பாருன்னீங்க."

தோளிலிருந்து கை தானாக நழுவியது.

அவர் திரும்பிக் குடத்தைப் பார்த்தார். சாயங்காலம் போட்டவர்களின் சில்லு அடியில். காலையில் போட்டவர்களின் சில்லு மேலே. மேலே இருப்பது முதலில் வருகிறது. முதலில் வருகிறவர்களுக்குத் தண்ணீர். எத்தனை நாள் எடுத்தாலும் இதுதான் வந்திருக்கும். வருடம் முழுக்க எடுத்தாலும் சரிக்குச் சரி ஆகாது.

ஒரு தரம் குலுக்கியிருந்தால் போதும். ஒரு தரம் கிளறியிருந்தால் போதும்.

"தலைக்கு ஒரு பிடி என்றுதானே போட்டேன், தாயே" என்றார். 

"போட்டீர். உமக்கும் பண்ணைக்காரருக்கும் சேர்த்துப் பார்த்தால் இன்றைக்கும் சராசரி சரியாகத்தான் இருக்கிறது. பசிக்கிறதா?"

அவருடைய கண்கள் வரிசையைத் துழாவின. கரட்டுப்பட்டிக்காரர்கள் சிலர் நிழலில் இளைப்பாறிவிட்டு, கலயத்தைக் கழுவிக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"வேலாத்தா எங்கே?"

"வரலீங்க" என்றான் ஒருவன். "புள்ள ராத்திரியிலேருந்து கண்ணு முழிக்கலை. பக்கத்துலயே குந்தியிருக்குது."

அம்பலவாணர் ஓடினார். மடத்து ஆட்களுக்கென்று அண்டாவின் அடியில் விட்டிருந்த சோற்றையெல்லாம் ஒரு தூக்குச்சட்டியில் வழித்து நிரப்பினார். சூடு கையைச் சுட்டது. துண்டால் சுற்றித் தலையில் ஏற்றிக்கொண்டார். கரட்டுப்பட்டிப் பாதை வெயிலில் பளபளத்தது. அதைப் பார்த்ததும் கால் ஒரு நொடி தயங்கியது.

வாசலில் நின்ற அம்மையைப் பார்த்தார். தம்மைத் தாமே வெறுக்கிற குரலில், தெரிந்த ஒரே பாஷையில் கேட்டார்.

"அந்தப் பிள்ளை பிழைக்க வாய்ப்பு உண்டா, தாயே? பத்துக்கு எத்தனை?"

அம்மையின் முகம் சிவந்தது. மடத்தில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"அவளுக்குப் பத்துப் பிள்ளை இல்லை, அம்பலவாணரே. ஒன்றுதான். ஓடும்!"