நாவல்மரத்து நிழலில் நின்ற புழு

மொச்சை உரித்துக்கொண்டே இந்தக் கதையைச் சொல்கிறேன். இப்போதுதான் ஒரு காயிலிருந்து பச்சைப் புழு ஒன்று நெளிந்து வந்தது. கண்ணுக்குத் தெரிந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன். கண்ணுக்கே தெரியாத கொக்கிப்புழு என்று ஒன்று உண்டு. அது வருகிற வழியை அங்கன்வாடியில் நர்சம்மா சொன்னபோது எனக்குத் திறந்த வாய் மூடவில்லை. அதைத்தான் கதையாகச் சொல்கிறேன்.

ஒரு காட்டில் குளம் ஒன்று இருந்தது. அதன் கரையில் ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்தது. கூட்டத்துக்குத் தலைவர் தாடிக் கடுவன். அவருக்குச் சுத்தம் என்றால் உயிர்.

“மரம் நம் வீடு! வீட்டில் யாரும் அசிங்கம் செய்யக் கூடாது! எல்லோரும் இறங்கி அந்த நாவல்மரத்தடிக்குப் போங்கள்!” என்று சட்டம் போட்டிருந்தார்.

குரங்குகளும் அப்படியே செய்தன. நாவல்மரத்தடியில் எப்போதும் நிழல், எப்போதும் ஈரம். பழம் பொறுக்கக் குட்டிகளும் அங்கேதான் ஓடும். மரங்களெல்லாம் பளிச்சென்று இருந்தன. மயில்கூட வந்து பார்த்துவிட்டு மெச்சியது.

அந்தக் கூட்டத்தில் செம்பி என்று ஒரு மந்தி. அவளுக்கு ஒரே குட்டி, துள்ளி. ஒரு நிமிஷம் சும்மா இருக்காது என்பதால் அந்தப் பெயர். அந்தத் துள்ளிக்கு முதலில் கால்விரல் இடுக்கில் அரிப்பு வந்தது. பிறகு இருமல். பிறகு உதடு வெளுத்தது. மடியை விட்டு எழுந்திருக்கவில்லை. பழம் கொடுத்தால் தள்ளிவிட்டு மண்ணை அள்ளித் தின்றது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது. பிள்ளை கையை விட்டுப் போய்விடுமோ என்று செம்பி நடுங்கினாள்.

“குளத்து அட்டை அன்றைக்கு இதன் காலில் ஒட்டியிருந்ததே! அவன்தான் ரத்தத்தைக் குடித்துவிட்டான்!” என்றார் கடுவன்.

அட்டையைப் பிடித்துவந்தார்கள். சுடுபாறையில் போட்டுக் காய வைப்பது என்று தீர்ப்பும் ஆகிவிட்டது.

“குடித்தாயா இல்லையா, சொல்லு!” என்றாள் செம்பி.

“குடித்தேன் அக்கா. ஒரு தடவை ஒட்டினேன், வயிறு நிறைந்தது, விழுந்துவிட்டேன். நான் குடித்தால் காலில் ரத்தம் வழியும், ஊருக்கே தெரியும். இது யாரோ உள்ளே உட்கார்ந்து தினமும் குடிக்கிற வேலை!”

“உள்ளே உட்கார்ந்தா! கதை விடுகிறான் பார்!” என்று கடுவன் சிரித்தார்.

“என்னை அந்த நாவல்மரத்தடியில் விடுங்கள் பெரியவரே. மரத்தில் இருந்தபடி சத்தம் போடாமல் கேளுங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் பாறை எங்கே போய்விடும்?”

செம்பிதான் அட்டையை இலையில் வைத்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு, துள்ளியோடு மற்றவர்கள் இருந்த மரத்தில் ஏறிக்கொண்டாள்.

அட்டை ஈர மண்ணைப் பார்த்துக் குரல் கொடுத்தது. “ஏய், இங்கே யாராவது இருக்கிறீர்களா? இருந்துதான் என்ன! நூல்பிசிறு மாதிரி பயல்கள்! குரங்குத் தோலைத் திறக்க என்னைப் போல மூன்று தாடை வேண்டும்!”

புல்நுனியிலிருந்து ஒரு மெல்லிய குரல் சீறியது. கொக்கிப்புழுவின் குஞ்சு அது. வாலை ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

“யாரடா பயல்? நீ வாசலில் நின்று பிச்சை வாங்குகிறவன்! நான் வீட்டுக்குள்ளேயே போய்க் குடியிருக்கிறவன்!”

“உனக்கு ஏது கதவு?”

“கால்விரல் இடுக்கு போதும்! வெறும் பாதம் ஒன்று வெதுவெதுப்பாகப் பக்கத்தில் வரும். தொற்றிக்கொள்வேன். தோலைத் துளைத்து ரத்தம் ஓடுகிற வாய்க்காலில் இறங்குவேன். அது என்னை இதயத்துக்குக் கொண்டுபோகும். ஒரு தள்ளு! நுரையீரலில் இருப்பேன். அங்கிருந்து மூச்சுக்குழாயில் ஏறுவேன். பிள்ளை இருமும். தொண்டைக்கு வருவேன். பிள்ளையே என்னை எச்சிலோடு விழுங்கும். குடலுக்குப் போய்ப் பல்லைப் பதித்தேன் என்றால் வருஷக்கணக்கில் அதுதான் என் வீடு!”

மரத்தில் கேட்டுக்கொண்டிருந்த செம்பி மலைத்துப்போனாள். கண் இல்லை, கால் இல்லை, வழி சொல்ல ஒரு ஆள் இல்லை. இவ்வளவு தூரம் எப்படிப் போகிறான்! மடியில் வைத்து வளர்த்த பிள்ளைக்குள்ளே இத்தனை பெரிய ஊர் இருக்கிறதா! அதில் ஆறும் வாய்க்காலும் ஓடுகின்றனவா! அவள் துள்ளியின் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“அடேயப்பா!” என்றது அட்டை. “அப்படியென்றால் உள்ளேயே பெருகுவாயோ?”

“உள்ளே முட்டை மட்டும்தான். அது மலத்தோடு வெளியே வந்து, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் விழுந்தால்தான் குஞ்சு. நல்ல வெயில் பட்டால் சுருண்டுவிடுவோம். தாடிப் பெரியவர் நன்றாக இருக்கட்டும்! எல்லோரையும் ஒரே நிழலில் உட்காரச் சொல்லி, குட்டிகளையும் அங்கேயே ஓட விட்டாரே! எங்கள் குலத்துக்கே அவர்தான் தெய்வம்!”

கடுவனுக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

“சட்டம் சட்டம்தான்! மரத்தை அசிங்கம் பண்ண விடமாட்டேன்!”

தலைவரை அதுவரை எதிர்த்தே பேசாத செம்பி எழுந்து நின்றாள்.

“மரத்தைச் சுத்தமாக வைத்து என்ன செய்யப் போகிறோம் பெரியவரே? ஏறி விளையாடப் பிள்ளை இருக்க வேண்டாமா?”

கடுவன் துள்ளியைப் பார்த்தார். மரத்தை விட்டு இறங்கினார். வெயில் காயும் மேட்டுக்குப் போய் முதல் குழியைத் தானே தோண்டினார். “இனிமேல் இங்கே. போனதும் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். குட்டிகளா, நாவல்மரத்தடியில் யாரும் கால் வைக்கக் கூடாது!”

புழு சிரித்தது. “தோண்டுங்கள், தோண்டுங்கள்! உள்ளே போனவர்களை என்ன செய்வீர்கள்?”

“அதற்கும் வழி உண்டு அக்கா,” என்றது அட்டை. “நடவு நடுகிற பெண்கள் காலில் ஒட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். ‘பிள்ளைக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தியாடி?’ என்றாள் ஒருத்தி. ‘அங்கன்வாடியிலேயே சப்பிச் சாப்பிட வச்சுட்டாங்கடி’ என்றாள் இன்னொருத்தி.”

செம்பி ஊருக்குள் போனாள். குரங்குக் கூட்டத்தில் யாரும் தனியாகப் போகாத ஊர் அது. அங்கன்வாடி ஜன்னலில் ஏறினாள்.

“டீச்சர்! குரங்கு மாத்திரையைத் தூக்கிட்டு ஓடுது!” என்று ஆயா கத்தினாள்.

“பக்கத்துல வாழைப்பழம் இருக்கு, அதை விட்டுட்டு மாத்திரையை எடுக்குதே! இது என்ன குரங்கோ!” என்றாள் டீச்சர்.

மாத்திரையைத் தின்ற துள்ளியின் உதட்டில் மழைக்காலம் முடிவதற்குள் சிவப்பு ஏறியது. ஒரு நாள் காலையில் அது அம்மா மடியிலிருந்து குதித்துக் கிளைக்கு ஓடியது. செம்பி அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். நாவல்மரத்தடியில் புழுக்கள் வாலை ஊன்றி நின்று பார்த்தன. ஒரு பாதமும் வரவில்லை. நின்ற இடத்திலேயே பட்டினியில் செத்துப்போயின.

ஆகையால் பிள்ளைகளே, கண்ணுக்குத் தெரியாத எதிரிக்கு வாசல் திறந்துவிடுவது நம்முடைய பழக்கம்தான். அந்த வாசலை அடைத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட சூரனும் வெளியேதான் நிற்பான், ஆனால் அடைக்க வேண்டியது…

“பவளக்கொடி! உன் புள்ள வெறுங்காலோட கொல்லைப் பக்கம் ஓடுது பாரு!” என்று என்னைக் கூப்பிடுகிறாள் பக்கத்து வீட்டுக்காரி.