பூட்டிய கதவைத் தட்டுகிறவர்

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அருமைநாயகம், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் ஆலோசகர் வேலை பழக வந்திருந்தார். பழக்கிக் கொடுப்பவர் சபீனா. அவருக்கு மகள் வயதுதான். ஆனாலும் வாய் நிறைய "மேடம்" என்றுதான் கூப்பிடுவார்.

மேடத்திடம் ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. தனியறைக் கதவு வெளியே பூட்டியிருக்கும். சாவி காவலர் பிச்சைக்கனியிடம் இருக்கும். சபீனாவோ கதவை மெல்லத் தட்டி, "இசக்கி, சபீனா வந்திருக்கேன். உள்ளே வரலாமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு நிற்பார்.

பிச்சைக்கனிக்குச் சிரிப்பு வரும். "மறுவீட்டு மாப்பிள்ளையாக்கும் உள்ள இருக்கான்!"

இசக்கிக்குப் பதினாறு வயது. போன வாரம் சாப்பாட்டு வரிசையில் ஒருவனை அடித்துவிட்டுத் தனியறைக்கு வந்தவன். அதிலிருந்து யாரோடும் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் விசாரணை. அவன் ஏதாவது பேசினால்தான் அவனுக்காக அறிக்கை எழுதிக் கொடுக்க முடியும். இல்லையென்றால் வீட்டுக்குப் போவது தள்ளிப்போகும். அவனைப் பெற்றவள் வாசல் வேப்பமரத்தடியில் கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அருமைநாயகம் தானே போய்ப் பார்த்தார். கதவைத் திறக்கச் சொல்லி விறுவிறுவென்று நுழைந்தார்.

"எழுந்திரு தம்பி. உன் நல்லதுக்குத்தான் வந்திருக்கேன்."

பையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் சபீனா தட்டினார்.

"வராதீங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"சரிப்பா. நாளைக்கு வந்து கேக்கறேன்." சபீனா திரும்பி நடந்தார்.

அருமைநாயகம் பின்னாலேயே ஓடினார்.

"என்ன மேடம் இது? விசாரணைக்கு இன்னும் ஒரு நாள்தான். சாவி நம்ம கையிலதானே இருக்கு?"

"இருக்கு சார்."

சபீனா நிற்காமல் நடந்தார். 

வியாழக்கிழமை மறுபடி தட்டினார். சத்தமே இல்லை. பிச்சைக்கனி சாவியை எடுத்தார். பொறுங்கள் என்று சபீனா கை காட்டினார். உள்ளே பாயைச் சுருட்டும் சத்தம் கேட்டது.

"வாங்க."

கதவு திறந்தது. பையன் சபீனாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "அந்த சாரும் வராங்களா?"

"அவர்தான் உன்கிட்ட கேக்கணும்."

இத்தனை வருஷத்தில் எந்த வகுப்பு வாசலிலும் கேட்காததை அருமைநாயகம் தட்டுத்தடுமாறிக் கேட்டார். "வரட்டுமா தம்பி?"

"வேண்டாம் சார்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நெடுநேரம் கழித்துச் சபீனா வந்தார்.

"பேசினானா மேடம்?"

"பேசினான். இன்னைக்கே எழுதிரலாம்."

"அல்லேலூயா!" என்றவர், மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்ததைக் கேட்டுவிட்டார். "அந்தக் கதவை அவனால திறக்க முடியாது. அப்புறம் எதுக்கு மேடம் தட்டறீங்க?"

சபீனா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட வேண்டாம்னு சொன்னானே, கேட்டீங்களா சார்? போன வாரம் வரிசையில சீண்டினவன்கிட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வழி தெரியாமத்தான் கை நீட்டியிருக்கான்."